வாடைக்கு எந்தக் கதவைச் சாத்துவது?

கடலூர் மாவட்டத்தில் குளிரா என்று சிரிப்பவர்கள், மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய இரவு சிதம்பரத்தில் தங்கிப் பார்க்கலாம். தேரிலிருந்து இறங்கிய நடராஜர் ஆயிரங்கால் மண்டபத்துக்கு வந்துவிட, விடியுமுன் தொடங்கும் அபிஷேகத்துக்காகக் கூட்டம் கருங்கல் தரையிலேயே காத்துக் கிடக்கும். காதைச் சுற்றித் துண்டு, மடியில் தூங்கும் குழந்தைக்கு அம்மாவின் முந்தானை. வெப்பமானி என்னவோ 20 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். ஊட்டிக்காரர்களுக்கு அது ஒரு குளிரே இல்லை. ஆனால் வடக்கிலிருந்து வரும் வாடை, உடம்பைச் சுற்றியிருக்கும் கொஞ்சநஞ்சக் கதகதப்பையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. கீழே கல்லின் சில்லிப்பு வேறு.

தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. திசைக்கு ஒரு பெயர் வைத்த ஜனங்கள், அந்தந்தக் காற்றுக்கு வீட்டில் ஒரு வழியும் வைத்திருந்தார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தேரோடும் வீதிகளில் இன்னும் தப்பியிருக்கும் பழைய வீடுகளில் அதைப் பார்க்கலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கவாட்டில் ஜன்னலுக்கு இடமே கிடையாது. திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம், கடைசியில் கொல்லை. சித்திரையில் வெயில் பட்டுச் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, வாசலிலிருந்து புதுக்காற்று உள்ளே இழுபடும். மின்விசிறி வராத காலத்தில் வீட்டையே விசிறியாக்கிய ஏற்பாடு இது.

மார்கழியில் அதே முற்றம் எதிராளியாகிவிடும். இரவில் கனத்த குளிர்காற்று அதன் வழியே இறங்கித் தரையோடு தங்கும். வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் சேர்த்துத் திறந்தால் ரேழியில் நிற்க முடியாது. அதற்கும் கைவைத்தியம் இருந்தது. பொழுது சாயும்போதே கொல்லைக் கதவு சாத்தப்படும். தாழ்வாரத்தின் வடக்குப் பக்கம் கீற்றுத் தட்டியோ கோணிப் படுதாவோ இறங்கும். கதவின் அடி இடுக்குக்குச் சுருட்டிய பழம்புடவை. எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமானது நாலு கதவு ஜன்னல்: கீழ் இரண்டைச் சாத்தி, மேல் இரண்டைத் திறந்து வைப்பார்கள். படுத்திருப்பவர் மேல் காற்று அடிக்காது. அறையின் வெப்பக்காற்றும் புழுக்கமும் மேலே வெளியேறும். இப்போதைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் இந்த வசதி இல்லை. திறந்தால் முழுக்காற்று, மூடினால் முழு அடைப்பு.

சிதம்பரத்திலிருந்து வடக்கே 45 கிலோமீட்டர் போனால் கடலூர். புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியது; சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த 1746இலிருந்து சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். வெள்ளைக்காரர்கள் பயந்தது வெயிலுக்கு மட்டும். மஞ்சக்குப்பத்தின் பழைய பங்களாக்களில் தடித்த சுவர், எட்டாத உயரத்தில் கூரை, அதன் கீழே கயிறு கட்டி இழுக்கும் வென்டிலேட்டர். மே மாதத்துக்குச் சொர்க்கம்தான்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்தால் காற்றே தொழில். பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. பாய்மரக் காலத்தில் அந்த நிலக்காற்றைப் பிடித்துத்தான் விடியுமுன் கடலுக்குப் போனார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது மாவட்டம் முழுக்கக் கூரைகளை அள்ளிப் போட்டது. பிறகு பல குடிசைகளின் இடத்தில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. வாடைக்கு அவை பந்தோபஸ்துதான், சந்தேகமில்லை. ஆனால் கீற்றுக் கூரை தானாக விட்ட மூச்சைக் கான்கிரீட் விடாது.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, உள்ளே கொசுவர்த்திச் சுருள், போதாததற்குச் சாம்பிராணி. இளைப்பு உள்ள குழந்தையும் தாத்தாவும் விடிய விடிய அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து குளிர் காய்வது அதைவிட மோசம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானல் போன்ற மலை ஊர்களிலிருந்து இப்படிப்பட்ட சாவுச் செய்திகள் வந்திருக்கின்றன. சமவெளியிலும் அந்த வாயுவுக்கு இரக்கம் கிடையாது.

சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்பார்கள். நிமிடத்துக்கு 15 என்று பெருக்கினால் கணக்கு சரியாக வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு, 7,200 மூச்சு, தூங்கும் எட்டு மணி நேரத்துக்கு உரியது.

திருவாதிரைக்குப் போகிறவர்கள் சால்வையோடு ஒரு தடித்த ஜமக்காளமும் எடுத்துக்கொள்ளலாம்; கல்தரைக்குப் போர்வையைவிட விரிப்புதான் முக்கியம். தங்கும் அறையில் குளியலறை வென்டிலேட்டரை யாராவது செய்தித்தாள் திணித்து அடைத்திருந்தால், அங்கே கேஸ் கெய்சர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் தாளை உருவிப் போட்டுவிட்டுத்தான் வெந்நீரைத் திறக்க வேண்டும். குளித்து முடித்துப் போனால் தரிசனமும், சுடச்சுடத் திருவாதிரைக் களியும்.