வாக்குக் கடன்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை அறியாதவர் நம் வாசகருள் அரியர். தேசிய நெடுஞ்சாலை 45 என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த அவ்வழி, விழுப்புரத்துக்குத் தெற்கே இப்போது 38 என்னும் எண்ணைத் தாங்குகிறது. புளியமரங்கள் நிழல் செய்த இருவழிச் சாலையாக அதனை நாம் முதலில் கண்டோம். இன்று அது நான்கு வழியாக அகன்றுவிட்டது. பயண நேரம் குறைந்தது; வழியில் இறங்கும் வழக்கமும் குறைந்தது.

உளுந்தூர்ப்பேட்டைக்கு வடக்கே, இச்சாலையை விட்டுச் சற்றே விலகியிருக்கிறது திருநாவலூர். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. தேவாரம் பாடிய மூவருள் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய தந்தை சடையனாரும், தாய் இசைஞானியாரும், அவரை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையரும் அறுபத்துமூவர் வரிசையில் இடம்பெற்றவர்கள்.

இவையனைத்தையும் நமக்குச் சொன்னவர் ஒரு தமிழாசிரியர். நாம் இளங்குருவாய் உதவிப் பங்குத்தந்தைப் பணி ஆற்றிய காலத்தில், பங்குப் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். சைவ நெறியில் ஊறியவர். ஆயினும் நம் மறையுரைகளைக் கோயில் வாசலில் நின்று கேட்பார். திங்கட்கிழமை காலையில் ஒற்றுப் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். இன்று நம் மறையுரையில் தமிழ் ஓரளவேனும் நேர்பட நிற்கிறதென்றால், அது அவர் இட்ட பிச்சை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பும் நாளில் அவர் கேட்டது ஒன்றே: “சாமி, ஒருநாள் எங்கள் ஊருக்கு வரவேண்டும். கோயிலைக் கல் கல்லாக நானே காட்டவேண்டும்.” வருகிறோம் என்றோம்.

அதன்பின் அச்சாலையில் எத்தனை முறை சென்றிருப்போம்! குருப்பட்ட விழா, அடக்கச் சடங்கு, கூட்டம் என ஒவ்வொரு முறையும் ஓர் அவசரம். திருநாவலூர் என்று எழுதிய பலகை கண்ணில் படும்போதெல்லாம், “திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்போம். திரும்பும்போது இருட்டியிருக்கும்.

சென்ற தை மாதத்தில் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். சர்க்கரை நோயினால் தந்தையின் பார்வை முற்றும் போய்விட்டது என்றார். மறுநாளே புறப்பட்டோம்.

திண்ணையில் அமர்ந்திருந்தவர் நம் காலடி ஓசையிலேயே நம்மை அறிந்துகொண்டார். தேநீர் அருந்தியதும், “வாருங்கள் சாமி, கோயிலுக்குப் போவோம்” என்று எழுந்தார். வேண்டாம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர் நம் தோளைப் பற்றிக்கொண்டார். ஆனால் வழி காட்டியவர் அவரே.

பக்தஜனேசுவரர் கோயில். அம்மை மனோன்மணி. தலமரம் நாவல், ஊரின் பெயரும் அதனால் அமைந்தது. பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் இதனைக் கற்றளியாக எடுப்பித்தான். வடவெல்லையைக் காக்க இப்பகுதியில் படையுடன் தங்கியிருந்த அவன், 949-இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். ஆசிரியர் சுவரைத் தடவி, கல்லில் வெட்டிய எழுத்துகள்மேல் விரல் ஓட்டினார். “இந்த இடம்தானே சாமி?” என்றார். அந்த இடம்தான்.

சுந்தரர் திருமுன்னில், இருபுறமும் பரவையாரும் சங்கிலியாரும் இருக்க, அவர் கதையைத் தொடங்கினார். புத்தூரில் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் ஓலையோடு நுழைகிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்தபடி நீ எனக்கு அடிமை என்கிறார். சினந்த மணமகன் ஓலையைக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது, மூல ஓலை வெளிப்படுகிறது, முதியவரே வெல்கிறார். வழக்காட வந்தவர் இறைவனே என்று பின்னரே தெரிகிறது. அடிமை என்று எழுதப்பட்டவர் இறுதியில் தம்பிரான் தோழர் ஆகிறார்.

“பின்னாளில் திருவொற்றியூரில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்கு வாக்குக் கொடுத்தார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒன்று, திருவாரூரில் ஒன்று என்று பிறகுதான் திரும்பப் பெற்றார்” என்றவர், சற்று நிறுத்தி, நம் பக்கம் முகம் திருப்பிச் சிரித்தார். “ஆனால் பாருங்கள் சாமி, நம் கதையில் வாக்குத் தவறியவர் நீங்கள், கண் போனது எனக்கு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நமக்கோ விடை கூற வாய் வரவில்லை. குருமடத்தில் உடன்படிக்கை என்னும் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதித் தேர்ச்சி பெற்றவர் நாம். கொடுத்த சொல் இரு தரப்பையும் கட்டும் என்று எத்தனையோ மணமக்களுக்கு எடுத்துரைத்திருக்கிறோம். திண்ணையில் ஒருவர் இருபது ஆண்டுகள் நம் சொல்லை மூல ஓலைபோல் வைத்துக் காத்திருந்தார். நம் கையில் இருந்த படியை மட்டும், கிழிக்கிறோம் என்று உணராமலேயே, ஒவ்வொரு பயணத்திலும் சிறிது சிறிதாகக் கிழித்துவந்திருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் எதற்கு?” என்று கையசைத்தார். விடைபெறும்போது, பழக்கத்தால், “அடுத்த முறை வரும்போது...” என்று தொடங்கினோம். அவர் இடைமறித்தார்.

“அடுத்த முறை வேண்டாம் சாமி. நாள் சொல்லுங்கள்.”

ஆடிச் சுவாதி சுந்தரரின் குருபூசை நாள். அன்று வருகிறோம் என்றோம். “நல்லது. நாவற்பழக் காலமும் அதுதான். பறித்து வைக்கச் சொல்கிறேன்” என்றார்.

நெடுஞ்சாலையை அடைந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, நாட்குறிப்பை எடுத்தோம். அந்த நாளில் ஏற்கெனவே ஒரு கூட்டம் குறிக்கப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, திருநாவலூர் என்று எழுதிக்கொண்டோம்.