வேலி போட முடியாத கூம்பு

தமிழ்ப்பள்ளியில் நான் படித்த கூம்புக்கு ஒரு நுனியும் வட்டமான அடியும் இருந்தன. இடைநிலைப்பள்ளியில் அது மலாய்மொழியில் ‘கோன்’ ஆனது, வடிவம் மாறவில்லை. பல்கலைக்கழகத்தில் சந்தித்த கூம்புக்கோ வட்டமும் இல்லை, அடியும் இல்லை. அதன் உறுப்பினர் இருவரைக் கூட்டினாலும், ஒருவரை நேர் எண்ணால் பெருக்கினாலும் விடை அதற்குள்ளேயே இருக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்!

பொதுப்புள்ளி இல்லாத இரண்டு கூம்புகளைத் தாளில் வரைந்தால், இடையே ஒரு கோடு போட்டுப் பிரித்துவிடலாம். பரிமாணம் நான்கு, ஐந்து எனக் கூடினால், தளத்தின் அண்ணனான ‘மீத்தளம்’ அவ்வேலையைச் செய்யும். 1927-இல் ஹானும் 1929-இல் பனாக்கும் நிறுவிய தேற்றம், முடிவிலாப் பரிமாணத்திலும் இதற்கு வழிசெய்கிறது. ஆனால், ஒரு கூம்புக்காவது ‘உட்புறம்’ இருக்க வேண்டும். அதாவது, எத்திசையிலும் சற்றேனும் நகர இடமுள்ள ஒரு புள்ளி வேண்டும். படம் வரைந்தே எதையும் நம்புகிறவள் நான். இந்த நிபந்தனை எதற்கு என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை.

பல்லுறுப்புக் கோவைகள்தாம் சொல்லின. மிக உயர்ந்த அடுக்கின் கெழு நேர் எண்ணாக இருப்பவை ஒரு கூம்பு. எதிர் எண்ணாக இருப்பவை மற்றொன்று. பூச்சியம் மட்டும் தனியே. அடுக்கு 2-இல் நின்றுகொண்டு, எதிர் அடுக்கு 3-இன் பக்கம் இம்மியளவு நகர்ந்தாலும் மறு கூம்பில் விழுவோம். உட்புறமே கிடையாது.

மீத்தளம் என்பது கோவைகளுக்கு மதிப்பெண் போடும் ஒரு விதி. கோவைகளைக் கூட்டினால் மதிப்பெண்களும் கூடும். முதல் கூம்பில் எவருக்கும் பூச்சியத்துக்குக் கீழே போடக்கூடாது. அடுக்கு 2-ஓடு அடுக்கு 1-ஐக் கோடி மடங்கு கூட்டுங்கள், அல்லது கழியுங்கள். அது முதல் கூம்பிலேயே இருக்கும். அடுக்கு 1-க்கு மதிப்பெண் ஏதும் இருந்தால், இப்படிக் கூட்டியோ கழித்தோ மொத்தத்தைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்கிவிடலாம். ஆகவே அதற்குப் பூச்சியம்தான். அடுக்கு 3 இருப்பதால் அடுக்கு 2-க்கும் அதே கதி. மேலே எப்போதும் ஒருவர் இருக்கிறாரே! எல்லாருக்கும் பூச்சியம் என்றால் அது விதியே அன்று, மீத்தளம் இல்லை. அடுக்கு 3-ஓடு நிறுத்தியிருந்தால், அவர் ஒருவராவது தப்பியிருப்பார். அவருடைய கெழுவே இரண்டையும் பிரித்திருக்கும்.

விடுமுறையில் இதை அம்மாவிடம் தமிழிலேயே சொல்லிப் பார்த்தேன். பாதியில் ஆங்கிலம் தேவைப்படும் என்று எண்ணினேன், தேவைப்படவில்லை. “வேலி போட முடியாத நிலமா? அப்புறம் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?” என்றார்.

அதில் சிக்கலே இல்லை, அம்மா. எந்தக் கோவையைக் காட்டினாலும், அதன் உயர்ந்த அடுக்கைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம்.