கால் சுற்று

அந்த மானை நான் சுட்டது காலை ஏழே கால் மணிக்கு. அது செத்தது பத்தரைக்கு. நடுவில் இருக்கிற மூன்றேகால் மணி நேரத்தை இன்னும் எனக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விஸ்கான்சினில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆயுசு முழுக்கப் பால்பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஒருநாள் என் கையில் இருந்த கறிப் பையைப் பார்த்து, "இதைக் கொன்னது யாருன்னு யோசிச்சிருக்கியா?" என்று கேட்டார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். எனக்கு ஞாபகத்தில் தங்குவதெல்லாம் இப்படித்தான். என்னிடம் பதில் இல்லை. எனக்கு வேட்டை என்பது ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் புத்தகங்களோடு சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ரொம்பப் பின்னால் பிறந்தவன்.

எச்1பி விசாவில் இருப்பவர் இங்கே பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். முடித்தேன், உரிமம் எடுத்தேன். பெரியவர் இறந்துபோன தன் மனைவியின் ரைஃபிளை எடுத்துக் கொடுத்தார். .243 காலிபர், வால்நட் கட்டை. ஒன்பது வருஷமாக அலமாரியில் நின்றிருந்தது.

இந்த வகைத் துப்பாக்கியில் போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் வெடித்த உறை வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். போல்ட்டின் முனையில் காது போல இரண்டு புடைப்புகள் உண்டு. வெடிக்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்குவது அவைதான்.

அந்தக் காலையில் மைனஸ் ஒன்பது டிகிரி. எண்பது மீட்டரில் ஒரு பெண்மான். சுட்டேன். அது விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தது. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இப்படி நடந்தால் குண்டு வயிற்றில். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. இரண்டாவது குண்டுக்கான நேரம். கைப்பிடியைத் தூக்கினேன், வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் அடித்தேன். திறந்தபோது மான் சதுப்புக்குள் போயிருந்தது.

பெரியவர் வந்து ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தார். பச்சையாக ஏதோ கலந்திருந்தது. "இப்ப பின்னாடி போனா எழுந்து ஓடும். படுக்க விடு" என்றார். காத்திருந்தோம். ஒரு உயிர் எங்கேயோ வலியில் படுத்திருக்கிறது, நாங்கள் ஃப்ளாஸ்க்கில் காபி குடிக்கிறோம். பத்தரைக்கு நாணல் நடுவில் கண்டுபிடித்தோம். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அவர்தான் முடித்துவைத்தார்.

அன்று இரவு அம்மா போனில் கேட்டாள். "உடனே போயிடுச்சாடா?"

"உடனேம்மா."

மறுநாள் அவருடைய கராஜில் உட்கார்ந்தோம். தோட்டா இல்லை என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். என் முதல் சந்தேகம் வெடித்த உறை அறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது. காலியாக வைத்து மூடித் திறந்தேன், அப்போதும் பிடித்தது. அப்படியென்றால் தோட்டா மேல் பழி இல்லை.

அடுத்தது கிரீஸ். அக்டோபரில் வீடியோ பார்த்துக்கொண்டே முழுசாகப் பிரித்து, ஆசை ஆசையாக அப்பியிருந்தேன். குளிரில் அது மெழுகாகிவிடும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க அந்தக் குளிர்ந்த கராஜிலேயே வைத்தோம். காலையில் நன்றாகவே இளகியிருந்தது. ஆனால் கைப்பிடியைத் தூக்கும் ஆரம்பத்தில் மட்டும் ஒரு பிடிப்பு.

கட்டையிலிருந்து இரும்பைக் கழற்றினோம். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடியது! திரும்பக் கட்டையில் வைத்தோம். பெரியவர் முன் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக முடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சரி, சரி, சரி. கடைசிக் கால் சுற்றில் பிடித்தது.

காதுகளில் கறுப்பு மார்க்கர் மையைத் தடவித் திரும்பவும் முடுக்கினோம். கீழ்க் காதில் மை சுரண்டப்பட்டு ஒரு வெள்ளிக் கோடு. ஸ்க்ரூவின் நுனி போல்ட் ஓடும் அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 28 மரை. ஒரு சுற்றுக்கு 0.9 மில்லிமீட்டர், கால் சுற்றுக்கு 0.23. ஒரு மானின் மூன்று மணி நேரத்துக்கு மேலான வலிக்கு அவ்வளவு இடம் போதுமாக இருந்திருக்கிறது.

ஸ்க்ரூ வளரவில்லை, மரம்தான் அமுங்கியிருந்தது. பல வருஷம் நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் எண்ணெய் கீழே இறங்கி மரத்தை மென்மையாக்கும். அதன்மேல் நான் பலம் கொண்ட மட்டும் முடுக்கியிருந்தேன். ஆபீஸில் தினமும் பார்ப்பதுதான். இரண்டு மாட்யூலும் தனித்தனியாகப் பாஸ் ஆகும், சேர்த்தால் விழும்.

காரணம் கிடைத்ததில் எனக்கு ஒரு நிம்மதி. அதை முகத்தில் பார்த்திருப்பார் போல. "இது ரெண்டாவது குண்டுக்குப் பதில். முதல் குண்டு?" என்றார்.

வேட்டை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். ஸ்கோப்பின் ஓரத்தில் கரும்பிறை. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வைத்தேன், முழு வட்டம். செப்டம்பரில் டி-ஷர்ட்டோடு சுட்டுப் பழகினேன். நவம்பரில் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் சேர்ந்து துப்பாக்கியை என்னிடமிருந்து ஒரு விரல்கடை தள்ளிவிட்டிருந்தன. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பதிமூன்றரை அங்குலம். ஐந்தடி நாலங்குல ஆளான எனக்கு அதுவே தாராளம். கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும்போது கன்னம் கட்டையில் படியாது.

அவர் கட்டையின் பின்பக்க ரப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு மெல்லிய கறுப்புத் தகடுகள், ஒவ்வொன்றும் கால் அங்குலம். "நவம்பர் வந்தா அவ ரெண்டையும் கழட்டிடுவா. பனி போனா திரும்ப மாட்டுவா. நான் உன்கிட்ட சொல்லல" என்றார். பிறகு ரொம்ப நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் முன்னால்தான் கிடந்தது.

அவர் மேல் பழி போட்டுக்கொள்ள விடமுடியவில்லை. ஏனென்றால் அந்தக் கரும்பிறையை நான் காலையிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சுட்டேன். பிறை மட்டும் குண்டை ஒரு சாண் பின்னால் தள்ளாது. மான் போய்விடுமோ என்ற அவசரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டே விசையை வெடுக்கென்று இழுத்தேன். போல்ட்டும் முந்தின நாளே வீட்டில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று பெட்டியில் வைத்தேன். இரண்டு எச்சரிக்கை, இரண்டையும் பார்த்தும் கடந்து போயிருக்கிறேன். இதை அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்க்ரூ நுனியை அரத்தால் அரை மில்லிமீட்டர் ராவினோம். இனிமேல் மரம் அமுங்காதபடி ஸ்க்ரூ போகும் துளைகளில் அலுமினியக் குழாய்களை எப்பாக்சி வைத்துப் பதித்தோம். தகடுகளைக் கழற்றினேன். ஜாக்கெட்டோடு கண்ணைத் திறந்தால் முழு வட்டம். இந்த வருஷம் குளிர் வந்ததும் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் ரேஞ்சில் சுட்டுப் பழகினேன்.

துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். நவம்பரில் தகடு இரண்டையும் கழற்றவும். முன் ஸ்க்ரூவை முடுக்கிய பின் போல்ட்டைப் பத்து முறை திறந்து பார்க்கவும். பிறை தெரிந்தால் சுடாதே.

அம்மாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் இணைய இதழ்கள் படிப்பதில்லை. அக்கா படிப்பாள்.