பெற்றோர் விருப்பத்தின் பேரில்

ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு மாணவனைப் பள்ளியை விட்டு அனுப்பினேன். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிவிடுவான், எங்கள் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

பெங்களூரில் பல ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்துவிட்டுத் தலைமையாசிரியை ஆனவள் நான். வகுப்பில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். ஓம் விதிச் சோதனையில் வரைபடம் போடும்போது ஏதாவதொரு புள்ளி கோட்டைவிட்டு விலகி விழும். பிள்ளைகள் ரப்பரை எடுப்பார்கள். அழிக்க விடமாட்டேன். வந்த ரீடிங்கை எழுது, ஏன் அப்படி வந்தது என்று தேடு என்பேன்.

அந்தப் பையன் அப்படித் தேடுகிறவன். ஒருநாள் வோல்ட்மீட்டர் முள் அசையவில்லை. மீட்டரே போய்விட்டது என்றார்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். இவன் முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒயர் நுனியில் களிம்பு ஏறியிருந்ததைக் காட்டினான். பிளேடால் சுரண்டி மாட்டினான். முள் நகர்ந்தது. ஆனால் கணக்கிலும் கன்னடத்திலும் அவன் தேறவில்லை. தலைமையாசிரியையாக நான் பார்த்தது அந்த இரண்டு மதிப்பெண்களைத்தான்.

பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. என்னைவிட மூத்தவர்கள் இருக்க, நிர்வாகம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்கள் கண்முன் தோற்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனரில் என் படம் வர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதாவதுக்கு அந்தக் காப்பு இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அவன் அம்மாவை வரச் சொன்னேன். அல்சூரில் பூக்கட்டி விற்பவர். வேறு பள்ளியில் அவனுக்குச் சுலபமாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவரும் தமிழ், நானும் தமிழ். தமிழில் பேசினால் இளகிவிடுவேன் என்று பயம். அவர் தமிழிலேயே கேட்டார்: “ஒரு வருஷம்தான மிஸ்? உங்ககிட்டயே முடிச்சுரட்டும். ஃபெயிலானா நாங்க பாத்துக்கறோம்.”

டி.சி. ஃபாரத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று நானே எழுதினேன். அவர் பக்கம் தள்ளினேன். கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்துக் காட்டவில்லை.

அவனைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒருவன் அதே வகுப்பில் இருந்தான். அவன் அப்பா நிர்வாகத்துக்கு வேண்டியவர். அவனைத் தொடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் சொன்னது பாதி உண்மைதான்.

எச். நரசிம்மையாவைப் பற்றி என் வகுப்பில் அடிக்கடி பேசுவேன். கௌரிபிதனூர்ப் பக்கத்து ஏழைப் பிள்ளை; 1935இல் பெங்களூருக்கு நடந்தே படிக்க வந்தவர். பௌதிகம் கற்பித்தார், நேஷனல் கல்லூரி முதல்வரானார், பிறகு பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பதவி வந்த பிறகும் ஆதாரம் கேட்பதை அவர் விடவில்லை. 1976இல் அற்புதங்களை ஆராயவே ஒரு குழு அமைத்தார். கல்லூரி விடுதி அறையில்தான் கடைசிவரை வாழ்ந்தார். நடந்து வந்த பிள்ளையின் கதையைச் சொன்ன அதே வாயால் இந்தப் பிள்ளையைப் போகச் சொன்னேன்.

அடுத்த ஆண்டு நூறு சதவீதம் வந்தது. பேனர் கட்டினார்கள். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அவன் வேறு பள்ளியில் சேரவில்லை. ஒன்பதோடு ஏன் டி.சி. வாங்கினாய் என்று போன இடமெல்லாம் கேட்டார்களாம். எஸ்.பி. ரோடில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையொன்றில் பெட்டி தூக்குகிறான். எங்களிடம் படித்த அவன் தங்கையையும் அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தனித்தேர்வராக எழுதட்டும், கட்டணமும் டியூஷனும் என் பொறுப்பு என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். “லீவு கிடைக்காது மிஸ்” என்றான். அம்மா எதுவும் பேசவில்லை. டி.சி.யில் நான் எழுதியது பொய் என்று நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தில் அவன் பத்தாவது எழுதியிருப்பான்.