கட்டையும் இரும்பும்

துப்பாக்கி என்றதும் நம் கண் குழலின் மீதே பதிகிறது. அதைத் தாங்கும் கட்டையை எவரும் பொருட்படுத்துவதில்லை. 2011 ஆம் ஆண்டுக் கோடை வரையில் நாமும் பொருட்படுத்தியதில்லை.

அப்போது தமிழ் வகுப்புகளோடு தேசிய மாணவர் படையின் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. நாகமலை அடிவாரத்து வெட்டவெளியில், 25 மீட்டரில் இலக்குத் தாளை நிறுத்தி, குப்புறப் படுத்துச் சுடும் பயிற்சி. ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள். ஐந்தும் நடுவில் விழ வேண்டுமென்பதில்லை. ஒன்றோடொன்று நெருங்கி விழ வேண்டும். நெருக்கம் அமைந்துவிட்டால் குறியைத் திருத்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

உசிலம்பட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன். குள்ளமான உருவம். உண்டிவில்லில் ஓணானைத் தப்பவிடாதவன் என்று தோழர்கள் சொல்வார்கள். மூன்று சுற்றிலும் அவன் தோட்டாக்கள் தாளெங்கும் சிதறின. பார்வை போதாது என்று முடிவு கட்டி, போட்டிப் பட்டியலில் அவன் பெயரை அடித்தோம்.

ஒரு வாரம் கழித்து, ரைபிள்களைத் துடைக்கும்போது ஹவில்தார் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "சார், இது எல் போட்ட கட்டை. அந்தப் பையனுக்கு இதையா கொடுத்தோம்?"

நம் படையிலிருந்தவை பழைய லீ என்ஃபீல்டு வகையைச் சேர்ந்த புள்ளி 22 ரைபிள்கள். அவ்வகையில் தோளில் பதியும் பின்கட்டை தனித் துண்டு. அது நான்கு நீளங்களில் செய்யப்பட்டது. வழக்கமான அளவைவிட அரை அங்குலம் கூடியது எல். அரை அங்குலம் குறைந்தது எஸ். ஓர் அங்குலம் குறைந்தது பி. கட்டை நீண்டால் குள்ளமானவன் கழுத்தை நீட்டித்தான் குறி பார்க்க வேண்டும். கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படியும். கண்ணும் இடம் மாறும்.

இன்னொரு குறையையும் ஹவில்தார் காட்டினார். முன்கட்டையின் மரம் காய்ந்து சுருங்கியதில் இரும்பு அதன் படுகையில் ஆடியது. சுடும்போது குழல் அதிர்கிறது. அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருந்தால்தான் தோட்டா ஒரே இடத்தை அடையும். மரம் ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் விலகினால் அந்த ஒழுங்கு குலைகிறது. இக்குறையைத் தவிர்க்கவே இன்று இரும்புக்கும் கட்டைக்கும் இடையே எபாக்சிப் பிசினை வார்த்து இறுக்குகிறார்கள். 2008 இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பத்து மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அத்தகைய போட்டி ரைபிள்களில் கன்னம் படியும் பலகையையும் தோளில் பதியும் தகட்டையும் வீரரின் உடலுக்கேற்ப நகர்த்தி அமைக்கலாம்.

மறுநாள் எஸ் பொறித்த ரைபிளை அவனிடம் கொடுத்தோம். ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயம் மூடியது.

"முதல்லயே ஏன் சொல்லலை?" என்றோம்.

"மம்பட்டிக்குக் கணை நீளம்னா முதுகு ஒடியும், ஆடுச்சுன்னா தண்ணியில ஊறப் போடணும்னு எங்கப்பா சொல்வாருங்கய்யா. துப்பாக்கிக்கும் அப்படித்தான்னு எனக்குத் தெரியாதுங்கய்யா."

பட்டியல் முன்பே போய்விட்டது. அவனுக்கு அது இறுதியாண்டு.

வகுப்பில் ஒரே பாடநூலை அறுபது பேர் முன் விரிக்கும்போதெல்லாம் அந்த எல் எழுத்து நினைவுக்கு வருகிறது. சிதறுகிறவனைக் கண்டால், அவன் கையில் எதைக் கொடுத்தோம் என்று முதலில் பார்க்கிறோம்.