வரிசையில் நிற்க வெட்கப்பட்டேன்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். சொந்தக்காரர்களிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவைத்திருந்தேன். மருந்து ஏன் குறைந்தது என்று கேட்டவர்களிடம், கையில் காசில்லை என்றேன். காசில்லாதது உண்மை. மருந்து குறைந்ததற்கு அது காரணமில்லை.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டிவந்தோம். பஸ், ஃபீஸ், மாத்திரை என்று சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். எனக்கு வேலை போனதும், டாக்டரைக் கேட்காமலே மாத்திரையைப் பாதியாக்கினேன். செய்தித்தாளை விரித்து பிளேடை நடுவில் வைத்து அழுத்துவேன். சில நாள் நொறுங்கிவிடும்; பொடியை விரலில் ஒற்றி அவன் நாக்கில் தடவுவேன். "டாக்டர் கொறைக்கச் சொன்னாராண்ணே?" என்றான். "ஆமாடா" என்றேன்.

அரை மணி நேரத் தூரத்தில் மாவட்ட அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அட்டை இல்லாவிட்டாலும், இலவச சிகிச்சை உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எல்லாம் தெரியும். அங்கே ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் எங்கள் தெருக்காரர் என்பதும் தெரியும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பைத்தியக்கார வீடு என்று பேர் வந்துவிடும் என்று பயந்தேன். அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், கூட்டத்தில் டாக்டருக்குப் பேச நேரமிருக்காது என்பதெல்லாம் நியாயமான குறைகள்தான். நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்ன குறைகள் அல்ல.

2001-இல் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளிகள் தீயில் செத்தபோது, கொண்டுபோய் விட்ட குடும்பங்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். பக்கத்தில் டாக்டரே இல்லாமல் தர்காவை நம்பிப் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். எனக்கு டாக்டர் இருந்தார்.

தம்பிக்கு மறுபடி குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நடந்தான். சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளினான். அம்மா ஒவ்வொரு கவளத்தையும் முதலில் தான் தின்று காட்டி ஊட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது மருந்து ஒழுங்காகப் போகிறது. தங்கைக்குக் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரியும். ஆனால் தம்பியால் பழையபடி தையல் மிஷினில் உட்கார முடியவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தால் மீள்வது கடினமாகும் என்றார் டாக்டர். மாத்திரையைக் குறைத்தது நான்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.