ஏழு கிலோவுக்குள் ஓர் அலுவலகம்

அந்தக் கைப்பை ஒரே நாளில் நிறைந்ததல்ல. முதலில் வந்தது லேப்டாப்பை உயர்த்தி வைக்க மடங்கும் அலுமினிய ஸ்டாண்ட். பிறகு மூன்றாக மடியும் கீபோர்டு. அடுத்த தீபாவளி போனஸில் 15.6 அங்குலத் துணைத் திரை. இவற்றோடு மவுஸ், ஒயர்கள், 10,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க். ஒரு நாள் எல்லாவற்றையும் லேப்டாப்போடும் அதன் சார்ஜரோடும் சேர்த்து எடை போட்டுப் பார்த்தார். 3 கிலோ 800 கிராம். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி கையோடு எடுத்துச் செல்லப் பொதுவாக அனுமதிக்கப்படும் 7 கிலோவில் இதுவே பாதிக்கு மேல். மிச்சத்தில்தான் மாற்று உடையும் மருந்தும் மகன் கேட்ட தின்பண்டமும்.

நாக்பூரில் ஆழ்துளைக் கிணற்று பம்புகள் தயாரிக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றின் விற்பனை மேலாளர் அவர். வயது 46. மாதத்தில் பத்து நாட்கள் பயணத்தில் கழிகின்றன. "போகிற இடத்துக்கெல்லாம் என் மேஜையும் கூடவே வந்துவிட்டால் நேரம் வீணாகாதே என்று நினைத்தேன்" என்கிறார். விமான நிலையக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் மினுக்கும் இந்தச் சாதனங்களை வாங்குகிற எல்லோருடைய நினைப்பும் அதுதான். எங்கும் அலுவலகம், எப்போதும் சார்ஜ்.

அந்த நம்பிக்கை சோதனைக்கு வந்தது 2024 ஜனவரியில், வடஇந்தியாவைப் பனிமூட்டம் போர்த்தியிருந்த ஒரு நாளில்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு டெண்டர் முடிவதாக இருந்தது. அசாமில் கிராமக் குடிநீர்த் திட்டங்களுக்கான பம்புகள். தொழிற்சாலைக்கு மூன்று மாதமாகப் பெரிய ஆர்டர் எதுவும் இல்லை. நாற்பது பேர் வேலை செய்யும் இடம். இரண்டாவது ஷிப்ட் ஏற்கனவே நிறுத்தப்பட்டுவிட்டது. அரசு டெண்டர்கள் இப்போது சீல் வைத்த உறையில் போவதில்லை. இணையத்தில் ஏற்ற வேண்டும். பென் டிரைவ் மாதிரி இருக்கும் டோக்கன் ஒன்றில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதை லேப்டாப்பில் செருகினால்தான் விலைப் பட்டியலைச் சமர்ப்பிக்க முடியும். அந்தக் கையொப்பம் அவர் பெயரில் இருந்தது, டோக்கன் அவர் பையில் இருந்தது. அதனால் நாக்பூர் அலுவலகத்தில் வேறு யாரும் அந்த வேலையைச் செய்ய வழியில்லை. கெடு நேரத்தைத் தீர்மானிப்பது அரசுக் கம்ப்யூட்டரின் கடிகாரம். மூன்று மணி என்றால் மூன்று மணிதான். கெஞ்சுவதற்கு அங்கே ஆள் கிடையாது.

முன்கூட்டியே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும். இறுதி விலையை முதலாளி கடைசி நாளில்தான் சொல்வார். வெளியே கசிந்துவிடும் என்ற பயம். காலையில் நாக்பூரிலிருந்து கிளம்பி, வடக்கே ஒரு விமான நிலையத்தில் விமானம் மாறி, ஒரு மணிக்கு குவாஹாட்டி போய்ச் சேர்ந்து, ஓட்டல் அறையிலிருந்து அனுப்புவது என்பது திட்டம்.

நாக்பூர் விமானமே தாமதமாகக் கிளம்பியது. கிடைத்த நேரத்தை வீணாக்காமல், விமானம் உயர்ந்ததும் அவர் தம் அலுவலகத்தைத் திறந்தார். ஸ்டாண்ட் ஏறியது. அதன் மேல் லேப்டாப் உட்கார்ந்தது. துணைத் திரையை வைக்க இடமில்லை, மடியில் நிறுத்திக்கொண்டார். இந்திய விமானங்களின் சாதாரண வகுப்பில் ஒரு இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் 28 முதல் 30 அங்குலம். அதில் மனிதரும் உட்கார வேண்டும், முழங்காலும் மடங்க வேண்டும். முன்னால் இருந்தவர் லேசாகச் சாய்ந்ததும் லேப்டாப்பின் மூடி பாதி சாத்திக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் கையில் தேநீர்க் கோப்பையோடு இவருடைய முழங்கையைக் கவலையுடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறும்போதும் இறங்கும்போதும் லேப்டாப்பை மூடி வைத்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வேலைக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். அதில் கடை விரிக்கவும் கட்டவும் கால் மணி.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை. துணைத் திரைக்குத் தனியாக பேட்டரி கிடையாது. லேப்டாப்பிலிருந்துதான் அது மின்சாரத்தை உறிஞ்சுகிறது. இத்தகைய திரைகள் சாதாரணமாக எட்டுப் பத்து வாட் இழுக்கும். லேப்டாப் தனக்கென்று செலவழிப்பதே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதாவது, வசதிக்காக வைத்த இரண்டாவது திரை, முதல் திரையின் ஆயுளைப் பாதிக்கு அருகே கொண்டுவந்துவிடும். நாக்பூரில் 70 சதவீதமாக இருந்த சார்ஜ், தரையிறங்கியபோது 35.

அடுத்த விமானம் பத்தரைக்கு என்றார்கள். பன்னிரண்டு ஆனது. பிறகு ஒன்றரை. பிறகு, "நேரம் பின்னர் அறிவிக்கப்படும்". பனி எப்போதோ விலகி வெயில் வந்திருந்தது. ஆனால் காலையில் வர வேண்டிய விமானங்களும் விமானிகளும் வேறு ஊர்களில் சிக்கியிருந்தார்கள். காலைப் பனி மாலை வரை விமானங்களைத் தாமதப்படுத்துவது இப்படித்தான். செல்போனிலிருந்து இணைப்பு எடுத்து அவர் லேப்டாப்பில் டெண்டர் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்ததில், இரண்டும் சேர்ந்து கரைந்தன. முதலாளி விலையைச் சொல்லி போன் செய்தபோது மணி 1.50. செல்போனில் 14 சதவீதம், லேப்டாப்பில் 9.

பவர் பேங்கை எடுத்தார். லேப்டாப்பில் இணைத்தார். எந்த அசைவும் இல்லை. அந்த பவர் பேங்க் கொடுப்பது 10 வாட், செல்போனுக்கான அளவு. இன்றைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 45 முதல் 65 வாட் வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த 10,000 என்ற எண்ணைப் பார்த்து வாங்கியவர், பொடி எழுத்தில் இருந்த வாட் கணக்கைப் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? அந்த 10,000கூட உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. கணக்குப் போட்டால் 37 வாட்-ஹவர். செல்போனுக்கு 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது அதிலும் ஒரு பகுதி சூடாக வீணாகிவிடும். செல்போனை ஒரு முறை முழுதாக நிரப்பி, மேலும் கொஞ்சம் கொடுத்தால் அதிகம்.

வாயிலுக்கருகே சார்ஜ் போட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்றில் மின்சாரம் இல்லை. மற்றொன்றைச் சுற்றிப் பதினோரு பேர். ஒரு இளைஞர் இரக்கப்பட்டுத் தன் பிளக்கை உருவிக்கொண்டு இடம் கொடுத்தார். ஆனால் லேப்டாப் சார்ஜரின் கனமான தலை, பல ஆயிரம் பேர் செருகி உருவித் தளர்ந்துபோன அந்தத் துளையில் நிற்கவில்லை. கையால் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிந்தது, விட்டால் விழுந்தது. பிடித்துக்கொண்டே எப்படித் தட்டச்சு செய்வது?

மணி 2.15. அவர் கண்ணில் நீர் முட்டியதைக் கவனித்தவர், தரை துடைக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த துப்புரவுப் பெண் ஒருவர்.

"என்ன தீதி, பிளக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

"அந்தத் தூணுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. என் மிஷினுக்குக் கொடுத்தது. அரை மணி நேரம் நான் இந்தப் பக்கம் துடைப்பத்தால் துடைத்துக்கொள்கிறேன். சூபர்வைசர் வந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள்."

தூணுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இறுக்கமான நல்ல பிளக். சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டாண்ட் இல்லை. துணைத் திரை இல்லை. மடக்குக் கீபோர்டு பையை விட்டு வெளியே வரவேயில்லை. டோக்கனைச் செருகினார், விலைகளை நிரப்பினார், கையொப்பமிட்டார். 2.49க்குச் சமர்ப்பித்ததற்கான ரசீது திரையில் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண் தூரத்தில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். சூபர்வைசர் வரவில்லை. ஓடிப்போய் அவர் கையில் பணம் கொடுக்கப் போனார். "மின்சாரம் என் வீட்டுடையதா தீதி?" என்று சிரித்துவிட்டு அவர் இயந்திரத்தை எடுக்கப் போய்விட்டார்.

டெண்டர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விலையில் இரண்டாம் இடம். "விலையில் தோற்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். சார்ஜ் இல்லாமல் தோற்றிருந்தால் அந்த நாற்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று கேட்கிறார்.

அதன் பிறகு பையை அவர் கொட்டிக் கவிழ்த்தார். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். விமானப் பயணிக்கு நடமாடும் மேஜை தேவையா? நடமாடும் மின்சாரம் தேவையா? கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிறார்கள். ஆனால் பதில்கள் வேறு வேறு.

மேஜைக்கு பதில், இல்லை. விமானத்தில் அதை விரிக்க இடமில்லை. நிலையத்தில் விரிக்க அமைதியில்லை. ஒரே ஓட்டல் அறையில் நான்கு நாள் தங்குகிறவருக்குத் துணைத் திரை பயன்படலாம். மற்றவர்களுக்கு அது சுமை. அவருடைய திரை இப்போது வீட்டில் மகனின் படிப்பு மேஜையில் இருக்கிறது.

மின்சாரத்துக்கு பதில், ஆம். அதற்குக் காரணம் அலுவலக வேலை மட்டுமல்ல. பயணச் சீட்டு செல்போனில். போர்டிங் பாஸ் செல்போனில். 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜியாத்ரா வசதியைப் பயன்படுத்துகிறவருக்கு அடையாளமும் செல்போனில். யுபிஐ வந்த 2016க்குப் பிறகு பர்ஸும் அதற்குள் போய்விட்டது. இறங்கியதும் டாக்சி கூப்பிடவும் அதுதான். ஒரு காலத்தில் செல்போன் அணைந்தால் பேச்சு நின்றது. இன்று ஆளே நின்றுபோகிறார்.

ஆனால் அந்த மின்சாரத்துக்கும் சட்டம் உண்டு. பவர் பேங்கை சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. கையோடுதான் கொண்டுபோக வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தன்னைத் தானே மேலும் சூடாக்கிக்கொண்டு எரியும். பயணிகள் பகுதியில் என்றால் ஊழியர்கள் பார்த்து அணைக்க முடியும். சரக்கறையில் யார் பார்ப்பது? அளவு 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. கடைகளில் கிடைக்கும் 20,000 பவர் பேங்க் 74 வாட்-ஹவர். 30,000 என்றால் 111. அளவு அச்சிடப்படாத மலிவுச் சரக்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரலாம்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசான் நகரில், புறப்படத் தயாராக நின்ற ஏர்பஸ் விமானம் ஒன்று தீப்பிடித்துக் கூரை எரிந்துபோனது. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் தப்பினார்கள். மேல் பெட்டியில் இருந்த பவர் பேங்க் மீது சந்தேகம் விழுந்தது. பறக்கும்போது பவர் பேங்க் கொண்டு சார்ஜ் செய்வதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஏப்ரலிலும் எமிரேட்ஸ் அக்டோபரிலும் தடை செய்தன. அந்த அக்டோபரில் டெல்லியில் ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இந்திய விமானம் ஒன்றிலும் பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது, ஊழியர்கள் அணைத்துவிட்டார்கள். ஆக, பவர் பேங்க் ஆகாயத்துக்கான சாதனம் அல்ல. தரையில் காத்திருக்கும் நேரத்துக்கானது.

இப்போது அவர் பையில் இருப்பவை: லேப்டாப், உள்ளங்கை அளவில் 65 வாட் சார்ஜர், லேப்டாப்புக்கும் ஊட்டக்கூடிய 74 வாட்-ஹவர் பவர் பேங்க், இரண்டு ஒயர்கள், அச்சிட்ட போர்டிங் பாஸ். கூடவே, சாதாரண மின்சாமான் கடையில் வாங்கிய, ஒன்றரை மீட்டர் ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி. ஒரு பிளக்கை மூன்றாக்கும். அதுதான் அவர் வாங்கியதிலேயே உருப்படியான சாதனம் என்கிறார். கூட்டம் மொய்க்கும் சார்ஜ் இடத்தில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. "இதில் செருகிக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது" என்று சொன்னால் போதும், வழி விடுகிறார்கள்.

அந்த விமான நிலையத்தின் வழியாக அதன் பிறகு மூன்று முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தத் தூணருகே போய்ப் பார்ப்பார். பிளக் இருக்கிறது. துப்புரவுப் பெண்ணைத்தான் காணவில்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று ஒவ்வொரு முறையும் தன்னைக் கடிந்துகொள்வார். பையில் ஒரு டப்பா சந்திரா பர்ஃபி இருக்கும், நாக்பூர் ஆரஞ்சில் செய்தது. விமானம் ஏறும் முன், அந்த நேரத்தில் தரை துடைத்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது அதைக் கொடுத்துவிட்டுப் போவார்.